சவரியம்மாள் சொன்னதும் சொல்லாததும்

வேதாரண்யம் பஸ் நிலையத்துக்கு எதிரே, சைக்கிள் கடையை ஒட்டிய ஒற்றை அறையில் சவரியம்மாள் டைப் அடித்துக்கொண்டிருந்தார். தொண்ணூறுகளில் சுற்றுப்பட்டு ஊர்களின் மனுக்களில் பாதி அவர் கைவழியாகத்தான் போயின. பட்டா மாறுதல், விதவை ஓய்வூதியம், ஜீவனாம்சம், பாஸ்போர்ட்டில் பெயர்த் திருத்தம். எழுதத் தெரியாதவர்களுக்குக் கடிதமும் எழுதித் தருவார். கடையைப் பூட்டுமுன் அன்றைய கார்பன் தாள்களைப் பின்பக்கம் கொண்டுபோய்க் கொளுத்திவிடுவார். கார்பனை வெளிச்சத்தில் பிடித்தால் அடித்ததையெல்லாம் படித்துவிடலாம்.

ஹபீபுன்னிசாவின் கணவர் சவூதியில் இருந்தார். அவளுக்கு மார்பில் கட்டி என்று தஞ்சாவூரில் ஆபரேஷன் நடந்தது. தெரிந்தால் மனுஷன் வேலையை விட்டுவிட்டு ஓடிவந்துவிடுவார் என்று, நலமாக இருப்பதாகவே மாதாமாதம் எழுதச் சொன்னாள். மருமகள் அப்படி என்னதான் எழுதுகிறாள் என்று மாமியார் ஒருநாள் நேரில் வந்து கேட்டார். தண்ணீர் கொடுத்து உட்காரவைத்த சவரியம்மாள், உங்கள் மகனிடமே கேளுங்கள் என்று மட்டும் சொல்லி அனுப்பினார். இரண்டு வருஷம் கழித்துக் கணவர் ஊருக்கு வந்தபோது ஹபீபுன்னிசாவே அவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அதுவரை சவரியம்மாள் வாயிலிருந்து அது யாருக்கும் போகவில்லை.

அப்படிப்பட்டவரை நம்பித்தான், தாழம்பள்ளம் ஊராட்சித் தலைவர் நடராசன் ஒரு செப்டம்பர் மாதம் கையெழுத்துப் பிரதி ஒன்றைக் கொண்டுவந்தார்.

"மூணு காப்பி அடிக்கணும்க்கா. யார் காதுக்கும் போகக் கூடாது."

அது கிராம சபைத் தீர்மானம். ஊர்க் குளத்தை ஒட்டிய பதினெட்டு ஏக்கர் மேய்ச்சல் புறம்போக்கை ஒரு சென்னைக் கம்பெனிக்கு இறால் பண்ணை வைக்கக் குத்தகைக்கு விட ஊர் மக்கள் ஏகமனதாகச் சம்மதித்தார்கள் என்று இருந்தது. பண்ணைக்கு உப்புத் தண்ணீர் வந்தால் குளமும் கிணறுகளும் என்ன ஆகும் என்று அந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். கூட்டம் நடந்த தேதி அக்டோபர் இரண்டு என்று போட்டிருந்தது. அதற்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது.

சவரியம்மாள் இரண்டு தடவை படித்துவிட்டுத் தாளைத் திருப்பி நீட்டினார்.

"இன்னும் நடக்காத கூட்டம்ங்க இது. நடந்து முடிஞ்சதும் கொண்டாங்க, அடிச்சுத் தர்றேன்."

இதெல்லாம் வழக்கம்தான் என்று நடராசன் சிரித்துப் பார்த்தார். சவரியம்மாள் அசையவில்லை. வேறிடத்தில் அடித்துக்கொள்கிறேன் என்று தலைவர் கிளம்பிவிட்டார்.

அன்றைக்குச் சவரியம்மாளுக்கு வேலை ஓடவில்லை. பதினெட்டு வருஷத்தில் ஒருவர் கொண்டுவந்த தாளைப் பற்றி இன்னொருவரிடம் அவர் வாய் திறந்ததில்லை. ஆனால் ஹபீபுன்னிசாவின் கட்டி அவள் உடம்பில் இருந்தது. மறைக்கவும் சொல்லவும் அவளுக்கு உரிமை உண்டு. இந்தப் பதினெட்டு ஏக்கர் நடராசனுடையது இல்லையே என்று அவர் மனம் அடித்துக்கொண்டது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து தாழம்பள்ளத்துக்கு பஸ் ஏறினார். ஒருமுறை அவரிடம் ஓய்வூதிய மனு அடித்து வாங்கிப்போன அம்சம் என்பவள் அங்கே மாடு வைத்துப் பிழைத்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டாந்தேதி காலைல பத்து மணிக்கு உங்க ஊர்ல கிராம சபை. தெரியுமா?"

"தமுக்கு அடிக்கலையேக்கா."

"அடிக்கலைன்னாலும் கூட்டம் உண்டு. எல்லாரையும் கூட்டிட்டுப் போய் உக்காருங்க. எழுதுனதைப் படிக்கச் சொல்லுங்க. கடைசி வரி வரைக்கும் கேக்காம கையெழுத்துப் போடாதீங்க."

எதற்கு என்று அம்சம் எத்தனை தடவை கேட்டும் அதை மட்டும் அவர் சொல்லவில்லை.

வழக்கமாகப் பத்துப் பேர் வரும் கூட்டத்துக்கு அன்று நூற்றைம்பது பேர் வந்தார்கள். தெருவிளக்கு, சாக்கடை என்று வாசித்து நிறுத்திய நடராசனிடம், மிச்சத்தையும் படியுங்கள் என்றாள் அம்சம். படித்தார். அந்தத் தீர்மானத்தை அங்கேயே கோடு போட்டு நீக்கினார்கள். மேய்ச்சல் நிலத்தை யாருக்கும் விடுவதில்லை என்று புதிதாக எழுதி, எல்லாரும் கையெழுத்தும் கைநாட்டும் வைத்தார்கள்.

மறுநாள் நடராசன் கடை வாசலில் நின்றார். "நீங்கதானே சொன்னீங்க?"

"கூட்டம் இருக்குன்னு சொன்னேன். ஊர்க் கூட்டத்துல என்னங்க ரகசியம்?"

நடராசன் வந்த வழியே திரும்பிப் போனார். ஆனால் அதற்குப் பிறகு எந்தத் தலைவரும் காண்டிராக்டரும் அந்தக் கடைப்பக்கம் வரவில்லை. கடைத்தெருவில் கம்ப்யூட்டர் சென்டர்களும் வந்துவிட்டன. சவரியம்மாள் ஒருவேளைச் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டு, ஏழைகளின் மனுக்களோடு காலம் தள்ளினார்.

நாலு வருஷம் கழித்து ஒரு மத்தியானம், கூட்டமில்லாத நேரம் பார்த்து நடராசன் வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. அவர் மகன் சுற்றுலா விசாவில் மலேசியா போய், ஏஜென்ட் கைவிட்டதில் அங்கே சிறையில் இருந்தான். தூதரகத்துக்கு மனு போட வேண்டும். விஷயம் வெளியே தெரிந்தால் மகளுக்குப் பேசியிருக்கும் சம்பந்தம் நின்றுபோகும்.

"வேற யார்கிட்டயும் போக மனசு வரலைக்கா," என்றார்.

சவரியம்மாள் தாளை மாட்டிவிட்டு, பையனின் பாஸ்போர்ட் எண்ணைக் கேட்டார். ஐந்து மாதத்தில் மூன்று மனு போயிற்று. மகளின் கல்யாணத்துக்கு முந்தின வாரம் பையன் இளைத்துப்போய் வந்து சேர்ந்தான். லீவில் வந்திருக்கிறான் என்றார்கள் ஊரில்.

தலைவர் எதற்கு உன் கடைக்கு வந்து போகிறார் என்று அம்சம் ஒருநாள் கேட்டாள். மனு அடிக்கத்தான் என்றார் சவரியம்மாள்.