கூண்டை நகர்த்தாத நாட்கள்

எனக்கு ஒழுங்காக எழுத வராது. தோட்டத்துப் பள்ளியில் ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். எழுதிக்கொண்டிருக்கும்போதே பாதி மறந்தும் போகிறது. முன்னுக்குப் பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்குப் பின்னால், தேயிலை தொடங்கும் இடத்தில், சரிவாக ஒரு துண்டு நிலம் இருக்கிறது. தோட்டத்துக்குச் சொந்தமானது; எங்களைப் பயிர்செய்துகொள்ள விட்டிருக்கிறார்கள். கோவா, போஞ்சி, கொஞ்சம் லீக்ஸ். ஹட்டன் கடைகளில் மரக்கறி விலை கேட்கவே பயமாக இருக்கிற காலம் இது. நானும் என் வீட்டுக்காரரும் என்று எங்கள் இரண்டு பேரின் கறிச்சட்டியும் அந்தத் துண்டை நம்பித்தான் அடுப்பில் ஏறுகிறது.

கொழுந்து பறித்தும் புல் பிடுங்கியும் என் முழங்கால் தேய்ந்துவிட்டது. குந்தினால் எழும்ப முடியாது. நான் குந்தாமல் விட்ட மாதங்களில் பாத்தியெல்லாம் புல் ஏறிவிட்டது. ஒருநாள் மலை வேலையைப் பார்க்கிற கண்டாக்கு வந்து நின்றார்.

"பாட்டி, ஒங்க புல்லு வெத எல்லாம் தேயிலைக்குள்ள வந்து விழுது. அடுத்த தடவ நான் வர்றப்பவும் இப்படியே கெடந்துச்சுன்னா வேற ஆளுக்குக் குடுத்துருவேன்."

"சரிங்கையா" என்றேன். பேச வேண்டிய இடத்தில் எனக்கு வாய் வராது.

ஆள் வைத்துப் பிடுங்க வசதியில்லை. வீட்டுக்காரர்தான் ஒரு வழி செய்தார். மூங்கிலில் சட்டம் கட்டி, கம்பி வலை சுற்றி, மேலே உரப்பை தைத்து, அடி இல்லாத ஒரு கூண்டு. அதைப் புல் மண்டிய இடத்தில் வைத்துக் நாங்கள் வளர்க்கிற கோழிகளை உள்ளே விட்டால், அந்த இடத்துப் புல்லை மட்டும் கொத்தும், பக்கத்துக் கோவாவைத் தொடாது. விடிந்ததும் நானும் அவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து அடுத்த இடத்தில் வைப்போம். குனியாமல் தூக்க அவர் கயிறு கட்டித் தந்திருந்தார்.

தீனி போடுவதிலும் பக்குவம் வேண்டும். காலையில் வயிறு நிறைந்தால் கோழி புல்லைத் திரும்பியும் பார்க்காது. அதனால் காலையில் வெறும் தண்ணீர். சாயங்காலம்தான் தவிடும் ரொட்டித் துணுக்கும். அதையும் தகரத்தில்தான் வைக்க வேண்டும். மண்ணில் இறைத்தால், அதைத் தேடித் தேடி மண்ணைக் கிளறிவிடும்.

முன்பு விடியற்காலையில், வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டில் எங்களைப் பேர் கூப்பிட்ட மாதிரி அவர் கோழிகளைக் கூப்பிடுவார். "எல்லாரும் வந்தாச்சா? ஏய் கறுப்பி, நீ லேட்டு. ஒனக்கு இன்னைக்கு அரநாள் பேருதான், அரச் சம்பளம்!"

பக்கத்துக் காம்பராவில் இருக்கிறவள் எனக்கு மதினி முறை. துணி காயப்போட்டுக்கொண்டே கேட்பாள்: "நாம பிடுங்காத புல்லா மதினி? நமக்கு யாராச்சும் சாயங்காலம் தவிடு வச்சாங்களா?"

பாத்திகள் ஒவ்வொன்றாகச் சுத்தமாகி வந்தன. அப்போதுதான் எனக்குக் காய்ச்சல் வந்தது. மழையும் பிடித்துக்கொண்டது. நான் கம்பளிக்குள் கிடந்தேன். கூண்டை ஒரு ஆளால் தூக்க முடியாது. அது கீழ்ப்பக்கம், மழைத்தண்ணீர் ஓடுகிற கானுக்கு மேலே, ஒரே இடத்தில் நின்றுவிட்டது. "மழையில நனையுதுக, பாவம்" என்று அவர் காலையிலும் தவிட்டை அள்ளி இறைத்திருக்கிறார். கோழிகள் அதைத் தேடிக் கிளறியிருக்கின்றன. நான் எழும்பிப் போய்ப் பார்த்தபோது அந்த இடம் குழியாகக் கிடந்தது. மண் முழுக்கக் கானுக்குள் இறங்கி அடைத்திருந்தது. சுற்றியிருந்த போஞ்சி வேரோடு சாய்ந்திருந்தது.

அன்றைக்கே கண்டாக்கும் வந்துவிட்டார்.

"என்னாங்க இது? புல்ல எடுக்கச் சொன்னா மண்ணயே எடுத்துருக்கீங்க?"

"கோழி செஞ்சதுங்கையா" என்றார் வீட்டுக்காரர்.

"அப்ப கோழிய ஆபீசுக்கு வரச் சொல்லுங்க."

மதினி வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. துண்டு போய்விட்டது என்றே நினைத்தேன். எப்படித்தான் வாய் வந்ததோ, "எனக்குக் காய்ச்சலுங்கையா. கூண்டத் தூக்க முடியல. மேல போயி ஒரு தடவ பாருங்க" என்றேன்.

அவர் ஏறிப்போய் மேல் பாத்திகளைப் பார்த்தார். அங்கே புல் இல்லை, மண் இருந்தது. இறங்கி வந்து, "மேல் பாதிய வச்சுக்கங்க. கீழ மானாப்புல்லு நடணும், அதுதான் மண்ணப் பிடிக்கும். அதுக்குள்ள கோழிய விடக் கூடாது" என்றார்.

கான் மண்ணை வீட்டுக்காரரும் நானும் கூடையில் அள்ளி மேலே ஏற்றினோம். பிறகு ஆட்கள் வந்து என் போஞ்சிப் பாத்தியில் புல் நட்டார்கள். காலமெல்லாம் புல் பிடுங்கியவள், அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கோபம்கூட வரவில்லை. எங்கேயாவது உட்கார்ந்தால் போதும் என்றிருந்தது.

இப்போது கூண்டைச் சரிவில் இறக்குவதில்லை, குறுக்காகவே நகர்த்துகிறோம். புல் பாதி போனதுமே தூக்கிவிடுகிறோம். மீதியையும், கோழி தொடாத வெள்ளைப் பூச் செடி ஒன்றையும் நான் பலகையில் உட்கார்ந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பிடுங்குகிறேன். கறி பாதிச் சட்டிதான்.

கூண்டு எத்தனை நாள் ஒரே இடத்தில் நின்றது என்று எனக்குத் தெரியாது, காய்ச்சலில் கிடந்தேன். கோழி தொடாத, வெள்ளைப் பூ வைக்கிற அந்தச் செடிக்குப் பேரும் மறந்துவிட்டது. எல்லாம் பார்த்திருந்த மதினிக்கு இதை யாராவது வாசித்துக் காட்டி, அவள் பிழை சொன்னால் திருத்திவிடுங்கள்.