ஜெயிலுக்கு எதிர்க்கடை

எல்லாக் கடைக்காரர்களும் சாமானைக் கட்டிக் கொடுத்துவிட்டு "மறுபடி வாங்க" என்பார்கள். என் கடையில் அதைச் சொன்னால் அடி விழும். எங்கள் ஊர்க் கிளைச் சிறையின் வாசலுக்கு நேர் எதிரில் என் கடை. கைதியைப் பார்க்க வருகிறவர்கள் செல்போனை உள்ளே கொண்டுபோகக் கூடாது. என்னிடம் கொடுத்துவிட்டு டோக்கன் வாங்கிக்கொள்வார்கள். கூடவே ரொட்டி, பிஸ்கட், வாழைப்பழம் வாங்குவார்கள். டீயும் உண்டு. கணவருக்கு இடுப்பில் அடிபட்டு வேலைக்குப் போக முடியாமல் ஆன பிறகு, எங்கள் வீட்டில் நாலு பேர் சாப்பிடுவது இந்தக் கடையை நம்பித்தான். புறவழிச்சாலை வந்ததால் ஓட்டல் படுத்துப்போனவர்கள், பஸ் நிறுத்தத்தை மாற்றியதால் பூக்கடை போனவர்கள் யாராவது இதைப் படித்தால், என் பயம் அவர்களுக்குச் சொல்லாமலே புரியும்.

வாய் தவறியது

கடை போட்ட புதிதில் ஓர் அம்மா, ஜாமீனில் வெளியே வந்த மகனோடு போனைத் திருப்பி வாங்க வந்தார். மரியாதையாக இருக்கட்டுமே என்று, "சரிங்கம்மா, போயிட்டு வாங்க" என்றேன். அவ்வளவுதான், முகமே மாறிவிட்டது. நான்தான் அவனைப் பிடித்து மறுபடி உள்ளே தள்ளப்போகிறேன் என்பதுபோல மகனைத் தன் முதுகுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

அதோடு நான் அந்த வார்த்தையை விட்டேன். வருகிறவர்களும் "வரேன்" என்று சொல்வதில்லை என்பதைப் பிறகுதான் கவனித்தேன். தலையை ஆட்டிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடப்பார்கள். இதையெல்லாம் எனக்குக் கற்றுக்கொடுத்தது அந்த அம்மாவின் ஒரே ஒரு கத்தல்தான்: "இன்னாம்மா பேச்சு இது? திரும்பி வர்றதுக்கா என் புள்ளய இட்டுக்கினு போறேன்? வாயக் கழுவு மொதல்ல!"

ஆறு பேர்

சிறையில் ஒரு வயதான வார்டர் இருந்தார். காலையில் டீ குடிக்க வரும்போது, உள்ளே எத்தனை பேர் என்று சொல்லிவிட்டுப் போவார். அதை வைத்துத்தான் நான் ரொட்டி எடுப்பேன். இருபது என்பார், பதினெட்டு என்பார். திடீரென்று பன்னிரண்டு ஆனது. அப்புறம் ஒன்பது. ஒருநாள் ஆறு என்றார்.

"ஏன் சார் கொறஞ்சுக்கினே போவுது? ஊர்ல யாருமே தப்பு பண்றதில்லியா?" என்று கேட்டேன். கேட்ட பிறகுதான், இதை ஒரு கவலையாகக் கேட்கிறோமே என்று வெட்கமாக இருந்தது. அவர் டம்ளரை வைத்துவிட்டு, வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "தப்புக்கு இன்னா கொறச்சல் மேரிம்மா? புடிச்சதும் நேரா கடலூரு பெரிய ஜெயிலுக்கு அனுப்பிடறாங்க. இத மூடப்போறாங்க. நான் சொன்னேன்னு சொல்லிடாத."

எங்களுக்கு வேண்டியது

நானும், கைதியைப் பார்க்க மனு போட வருகிறவர்களை நம்பியே ஓடும் ஷேர் ஆட்டோக்காரர் ராஜேந்திரனும் ஒரு திங்கட்கிழமை கள்ளக்குறிச்சிக்குப் போய்க் கலெக்டர் ஆபீஸ் வரிசையில் நின்றோம். சிறையை மூட வேண்டாம் என்று மனு. எழுதும்போது சரியாகத்தான் இருந்தது. வரிசை நகர நகர எனக்கு ஒரே யோசனை. "அப்போ, ஆளுங்க உள்ள போய்க்கினே இருக்கணும்னு ஆசைப்படறியாம்மா?" என்று கேட்டால் என்ன பதில் சொல்வது?

அப்படி யாரும் கேட்கவில்லை. வாங்கி முத்திரை குத்தி, "பாக்கறோம்மா" என்றார்கள். வரிசையில் நிற்கும்போதே வாய் திறந்தது எனக்கு முன்னால் நின்ற பெரியவர்தான். திருநாவலூர்ப் பக்கத்திலிருந்து தண்ணீர்க் குழாய்க்காக வந்தவர். என் மனுவை வாங்கிப் படித்தார். திரும்பவும் படித்தார். பிறகு ராஜேந்திரனைப் பார்த்துச் சொன்னார்: "ஸ்கூல் வேணும்னு வருவாங்க, ஆஸ்பத்திரி வேணும்னு வருவாங்க. ஜெயிலு வேணும்னு வந்தது நீங்கதாங்க."

மன்றாட்டு

அந்த ஞாயிறு மாதா கோயிலில், எல்லாருக்காகவும் வேண்டிக்கொள்ளும் மன்றாட்டு நேரம். "சிறையில் வாடுவோர் விரைவில் விடுதலை பெற வேண்டுமென்று" என்று வாசித்தார்கள். எல்லாரும் "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றார்கள். எனக்கு வாய் எழவில்லை. உள்ளே இருக்கும் அந்த ஆறு பேரையும் ஆண்டவர் இன்றைக்கே விட்டுவிட்டால் நாளைக்கு அடுப்பு எப்படி எரியும் என்று ஓடியது புத்தி. இப்படி நினைக்கிற என்னை நினைத்துத்தான் சிறை மூடுவதைவிட அதிகமாகப் பயந்தேன்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொல்லி அழுதேன். அவர் படுத்திருந்தபடியே என் பக்கம் திரும்பினார். பிறகு சொன்னார்: "நானுந்தான் மேரி இத்தினி நாளா வாயத் தொறக்கல. எம்மனசுலயும் இதே நெனப்புதான், சொன்னா நீ பயந்துக்குவேன்னு சும்மா கெடந்தேன்."

செவ்வாய்க்கிழமை

கல்வராயன்மலையிலிருந்து குப்பாயி என்ற பெண் செவ்வாய்தோறும் புருஷனைப் பார்க்க வருவாள். விடியுமுன் கிளம்பி மூன்று பஸ் மாறி வந்தால், பதினோரு மணிக்கு என் கடையில் நிற்பாள். எங்கள் ஊரைத் தாண்டி அவள் எங்கும் போனதில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு வேன் வந்து ஆறு பேரையும் ஏற்றிக்கொண்டு போனது. வார்டர் வாசலுக்குப் பெரிய பூட்டாகப் போட்டார். என்னைப் பார்த்துக் கையை மட்டும் அசைத்துவிட்டுப் போனார். காலையில் எடுத்த ரொட்டி அப்படியே இருந்தது. பதினோரு மணிக்குக் குப்பாயி வந்தாள். பூட்டைக் கவனிக்காமல், வழக்கம்போலப் போனை எடுத்து என்னிடம் நீட்டி, டோக்கனுக்குக் கையை ஏந்தினாள்.

விஷயத்தைச் சொன்னேன். "கடலூரா? அது எந்தப் பக்கங்க்கா?" என்று கேட்டுவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். என் பயம் எங்கே போனதோ தெரியவில்லை. கடைக் கதவை இழுத்துப் பூட்டிவிட்டு, ராஜேந்திரன் ஆட்டோவில் அவளை உளுந்தூர்பேட்டைக்குக் கூட்டிப் போனேன். மிச்சமிருந்த ரொட்டியைக் கையில் கொடுத்து, பண்ருட்டி வழியாகப் போகும் கடலூர் பஸ்ஸில் ஏற்றி, கண்டக்டரிடம் இரண்டு தரம் சொல்லிவிட்டு இறங்கினேன்.

பஸ் நகர்ந்தது. ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி அவள் சொன்னாள்: "பயமாத்தான் கீது. போயிட்டு வரேங்க்கா!"

இத்தனை வருஷம் என் கடையில் யாரும் சொல்லத் துணியாத அந்த வார்த்தை, அவள் திரும்பி வந்தாலும் கடை இருக்காது என்று எனக்குத் தெரிந்துபோன அன்றைக்குத்தான் என் காதில் விழுந்தது.