திரும்பி வந்தால்தான் சொல்லும் ஒற்றன்

எங்கள் தெரு ஆட்டத்தில் ஒற்றன் என்ற காயை உண்டாக்கியது உங்கள் அப்பாவாகிய நான்தான். செல்போனில் நீங்கள் ஆடும் போர் ஆட்டத்தில் முன்னால் ஓடிப் பார்த்துவிட்டு வருகிற ஒருவன் இருக்கிறான் அல்லவா, அந்த மாதிரி ஒருவனை ஆறாவது படிக்கும்போதே நான் செய்துவிட்டேன். பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, கொஞ்சம் பெருமைக்காகவும்தான்.

அப்போது எங்கள் அப்பா வீட்டுக்குப் பக்கத்தில் வரிசையாக நான்கு அறைகள் கட்டிக்கொண்டிருந்தார். கம்பெனி வேலைக்குத் தெற்கிலிருந்து வரும் பையன்களுக்கு வாடகைக்கு விடத்தான். கடைசி அறையில் பூச்சு வேலை முடிந்து, ஆள் வராமல் கிடந்தது. வழவழவென்ற சிமெண்ட் தரை. அதில் சாக்பீஸால் கட்டம் போட்டு ஆடினோம்.

காய்களைக் கொடுத்தது மாமா. அவர் வேலை பார்த்த கம்பெனிக்கு வரும் குழாய்களின் முனையில் தூசு போகாமல் பிளாஸ்டிக் மூடி மாட்டி அனுப்புவார்கள். குழாயைப் பொருத்தியதும் மூடி குப்பைக்குப் போய்விடும். மாமா சூப்பர்வைசரிடம் கேட்டு, வாசல் கேட்டில் காட்டி, ஒரு டப்பா நிறையக் கொண்டு வந்தார். சிவப்பு ஒரு படை, நீலம் ஒரு படை. ஒவ்வொரு மூடிக்குள்ளும் ஒரு படம் ஒட்டியிருப்போம்: காலாள், யானை, பீரங்கி. படைக்கு ஒன்றே ஒன்றில் மட்டும் கோட்டை. மூடியைக் கவிழ்த்து வைத்தால் எது எதுவென்று எதிராளிக்குத் தெரியாது. ஒருவர் மாற்றி ஒருவர் ஒரு மூடியை ஒரு கட்டம் நகர்த்த வேண்டும். மோதினால் இரண்டையும் திறந்து பார்த்து, பலமானது நிற்கும். கோட்டை மட்டும் நகராது. அதைத் தொட்டவன் ஜெயித்தான்.

ஜெயித்தவன் எப்போதும் பெரியப்பா மகன்தான். எனக்கு அண்ணன் முறை, எட்டாவது படித்தான். ஆட்டத்தின் சட்டமெல்லாம் அவன் போட்டது. நான் எங்கே கை வைத்தாலும் அங்கே அவன் யானை இருக்கும். மோதிப் பார்த்தால்தான் தெரியும், தெரியும்போது என் ஆள் செத்திருப்பான். அதனால்தான் ஒற்றனை யோசித்தேன்.

முதலில் செய்த ஒற்றன் எதிரி மூடிக்குப் பக்கத்தில் போய் நின்றால் போதும், நான் அதைத் திறந்து பார்த்துக்கொள்ளலாம். ஆடிப் பார்த்தோம். பத்து நகர்த்தலில் எல்லாருக்கும் எல்லாம் தெரிந்துவிட்டது.

"இன்னாடா இது? எல்லாத்தையும் தொறந்து காட்டிட்டா அப்பறம் இன்னாத்துக்கு ஆடறது?" என்று அண்ணன் கொட்டாவி விட்டான். அந்த ஆட்டத்திலும் அவன்தான் ஜெயித்தான்.

அடுத்ததாக, ஒரு தடவை பார்த்ததும் ஒற்றன் செத்துவிடுவான் என்று மாற்றினேன். அவனை யாருமே வெளியே எடுக்கவில்லை.

அந்த வாரம் அம்மாவோடு சிங்கப்பெருமாள் கோவிலுக்கு ஷேர் ஆட்டோவில் போனேன். என் மடியில் ஒரு பை, பையின் மேல் யாரோ ஒருவரின் முழங்கை. எதிரே வந்த ஆட்டோக்காரர் விளக்கை இரண்டு தடவை அடித்து, கையைச் சுழற்றிக் காட்டினார். எங்கள் டிரைவர் உடனே ஓரங்கட்டினார்.

"அண்ணே, பின்னாடி மூணு பேரு எறங்கி வளைவு தாண்டி நடங்க. செக்கிங் நிக்கறாங்க. அந்தாண்ட ஏத்திக்கறேன்."

சொன்னபடியே வளைவில் போலீஸ்காரர் நின்றிருந்தார். எனக்குப் பட்டென்று உறைத்தது. அந்த எதிர் ஆட்டோக்காரர் அவரைப் பார்த்ததால் மட்டும் எங்களுக்கு லாபமில்லை. மாட்டாமல் தாண்டி வந்து சொன்னதால்தான் லாபம். அப்படியானால் ஒற்றன் பார்க்கலாம், ஆனால் தன் வரிசைக்குத் திரும்பி வந்தால்தான் சொல்லலாம். நடுவழியில் செத்தால் பார்த்ததும் அவனோடு போச்சு!

ஓடிப் போய் அண்ணனிடம் சொன்னேன். அவன் ஒரே கேள்வியில் மடக்கினான்.

"பாக்கறது உன் கண்ணுதானடா? உனக்கே தெரியாம நீ எப்டிடா பாப்ப?"

அறையின் மூலையில் என் தங்கச்சி கடலை மிட்டாய் தின்றுகொண்டிருந்தாள். ஒன்றாவது படித்தாள். சின்னப் பெண் என்று ஆட்டத்தில் சேர்க்கவில்லை. நான் அவளைக் காட்டினேன்.

"மூடிய இவ பாக்கட்டும். ஒற்றன் வூடு திரும்பினா, அவன் யாரோட ஆளோ அவங்க காதுல மட்டும் சொல்லுவா."

"இவளா? ஊருக்கே டமாரம் அடிப்பாளே!"

"அடிக்க மாட்டேன்," என்றாள் தங்கச்சி, மிட்டாயை விழுங்கிவிட்டு.

ஒற்றனுக்கு வெள்ளை மூடி, மேலே அவரவர் படை நிறத்தில் ஒரு பொட்டு. ஒரே நேரத்தில் மூன்று கட்டம் ஓடுவான், ஆனால் யாரையும் அடிக்க முடியாது, யாரும் அவனை அடிக்கலாம். ஆளுக்கு இரண்டு பேர். அண்ணன் ஒத்துக்கொண்டான், ஒரு நிபந்தனையோடு. திங்கட்கிழமை அந்த அறைக்கு ஆள் வருகிறார்கள், ஞாயிறுதான் கடைசி ஆட்டம்.

"நீ ஜெயிச்சா ஒற்றன் இருப்பான், டப்பாவும் உன்கிட்டயே இருக்கட்டும். தோத்தா ஒற்றனும் இல்ல, டப்பாவும் எங்க வூட்டுக்கு வந்துடும். அப்பறம் யாரு ஆடறதுன்னு நான் சொல்லுவேன்."

அவன் தங்கச்சியைச் சேர்க்க மாட்டான் என்று எனக்குத் தெரியும். சரி என்றேன்.

ஞாயிறு மத்தியானம் தெருப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் சுவரோடு சுவராக உட்கார்ந்தார்கள். வாசலும் ஜன்னலும் இருந்த முன்பக்கம் அண்ணனுடையது. பின்சுவர் என்னுடையது. ஒற்றன் போய் நிற்கும்போதெல்லாம் நாங்கள் இருவரும் முகத்தைத் திருப்பிக்கொள்வோம். தங்கச்சி குனிந்து, மூடியைத் தன் பக்கமாகத் தூக்கிப் பார்த்துவிட்டு வைப்பாள்.

அண்ணனின் ஒற்றன் ஒருவனை நான் அடித்தேன்.

"பாப்பா, அவன் பாத்தத எனக்கு மட்டும் சொல்லு. கோன் ஐஸ் வாங்கித் தரேன்," என்றான் அண்ணன். அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஆனால் அவனுடைய இரண்டாவது ஒற்றன் தப்பித்து வீடு திரும்பிவிட்டான். தங்கச்சி எழுந்து போய் அண்ணன் காதில் என்னமோ சொன்னாள். அண்ணன் என் கோட்டை இருந்த பக்கம் பார்த்துச் சிரித்தான். கூடப் பிறந்தவள் இப்படிச் செய்வாளா என்று நான் அவளை முறைத்தேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. ஏற்கெனவே என் ஆள் இரண்டு பேரைத் தின்ற அண்ணனின் பீரங்கி நேராக என் கோட்டையை நோக்கிக் கிளம்பியது.

அவன் பின்வரிசையில் நகராமல் இருந்த மூடிகள் மூன்று. மூலையில் ஒன்று, வாசலருகே ஒன்று, ஜன்னலடியில் ஒன்று. பலமான காயெல்லாம் மூலையைச் சுற்றித்தான் நின்றன. என் முதல் ஒற்றன் அங்கே புகுந்து பார்த்துவிட்டு, ஒரு கட்ட இடைவெளியில் தப்பித்து வந்தான். தங்கச்சி என் காதோடு ஒட்டி, கடலை மிட்டாய் வாசனையோடு சொன்னாள்.

"மூலைல இருக்கறது வெறும் ஆளுண்ணா. முன்னாடி நிக்கறது யானை."

அடேயப்பா! மூலையில் அத்தனை காவலும் என்னை ஏமாற்றத்தான். அப்படியென்றால் கோட்டை வாசலருகே, இல்லாவிட்டால் ஜன்னலடியில். என் யானையை நடுவே இறக்கிக்கொண்டே, வாசல் பக்கம் இரண்டாவது ஒற்றனை அனுப்பினேன். அவன் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தான். நான்கு கட்டம் பாக்கி. அதற்குள் அண்ணனின் பீரங்கி என் கோட்டைக்குப் பக்கத்துக் கட்டத்தில் வந்து நின்றுவிட்டது.

எனக்கு ஒரே ஒரு நகர்த்தல். என் யானைக்கு இடப்பக்கம் வாசல் மூடி, வலப்பக்கம் ஜன்னல் மூடி. என்னையும் அறியாமல் தங்கச்சியின் முகத்தைப் பார்த்தேன். அவளுக்குத் தெரியும். கண்ணை அசைத்தால் போதும். அவள் சட்டென்று திரும்பி, ஈரப் பூச்சு வாசனை போகாத பக்கச்சுவரில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றாள்.

"ஆடுறா, இல்லன்னா டப்பாவக் குடு," என்றான் அண்ணன்.

ஜன்னல் மூடிக்கு முன்னால் ஒருவரும் இல்லை. வாசல் மூடிக்கு முன்னால் ஆரம்பத்திலிருந்தே ஒரு மூடி அசையாமல் நின்றது. எதையோ காக்கத்தான் என்று தோன்றியது. யானையை இடப்பக்கம் தள்ளினேன். மூடியைத் திறந்தேன்.

கோட்டை!

அதற்குப் பிறகு நடந்ததைச் சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். பையன்கள் என்னைத் தூக்கிக்கொண்டு மெயின் ரோடு வரைக்கும் போனார்கள். கம்பெனி பஸ்ஸுக்கு நின்றவர்களெல்லாம் எந்தத் தேர்தலில் ஜெயித்தான் இவன் என்று பார்த்தார்கள். அண்ணன் தரையில் மல்லாந்து படுத்துக் கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தான். பிறகு வந்து என் தலையில் குட்டினான்.

"ஒற்றன் இருக்கட்டும்டா. நல்லாத்தான் கீது."

அவன் வாயால் அதைக் கேட்டதில் எனக்குப் பசியே எடுக்கவில்லை. ஆனாலும் சாயங்காலம் நான்கு தோசை தின்றேன், ஒவ்வொரு தோசைக்கும் ஒரு தடவை கதையை முதலிலிருந்து சொன்னேன். தங்கச்சி பேசாமல் உட்கார்ந்திருந்தாள்.

"ஏன்டி, வாயில இன்னா கொழுக்கட்டையா? மத்தியானத்துலேர்ந்து ஒரு பேச்சு இல்ல," என்று அம்மா அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். காய்ச்சல் இல்லை.

அவள் எழுந்து என் கையைப் பிடித்து இழுத்தாள். காலையில்தான் காயெல்லாம் எடுப்பதாக இருந்தோம், ஆட்டம் கலையாமல் அறையில் அப்படியே கிடந்தது. அவள் விரலை நீட்டினாள். எதிரி நிலத்தில், நான்கு கட்டம் பாக்கியோடு, என் இரண்டாவது ஒற்றன் நின்றான்.

சிரித்துக்கொண்டே அவனை எடுத்து என் வரிசையில் வைத்தேன். உடனே அவள் எம்பி என் காதைப் பிடித்துக்கொண்டு, மூச்சு முட்டச் சொன்னாள்.

"வாசப்பக்கம் இருக்கறதுதாண்ணா கோட்டை!"

"ஆட்டம் முடிஞ்சிடுச்சேடி. இப்ப இது எதுக்கு?"

"திரும்பி வந்தாத்தான சொல்லணும்னு நீதான சொன்ன?"

நான் வீட்டுக்குள் ஓடி எல்லாரிடமும் சொல்லிச் சிரித்தேன். மாமாவுக்குப் புரையேறிவிட்டது. எல்லாரும் சிரிக்கிறார்களே என்று அவளும் சிரித்தாள், பிறகு விட்ட பேச்சையெல்லாம் சேர்த்துப் பேசித் தீர்த்தாள். பல வருஷம் அதை நான் வேடிக்கைக் கதையாகவே சொல்லிக்கொண்டிருந்தேன், உங்கள் அத்தையின் கல்யாணத்தில்கூட.

நான் ஜன்னல் பக்கம் கையைக் கொண்டு போயிருந்தால் டப்பா போயிருக்கும். அது அவளுக்கும் தெரியும். நான் ஜெயிக்க வேண்டும் என்று அந்த அறையில் என்னைவிட அதிகம் ஆசைப்பட்டவள் அவள்தான். சட்டம் போட்ட நானே அவள் முகத்தில் விடை தேடினேன். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பயந்து திரும்பிக்கொண்டாள் என்றுதான் அன்றைக்கு நான் நினைத்தேன்.