கத்தரிக்குத் தப்பிய வேண்டுதல் முடி

எழுபதுகளில் மலையடிவார ஊரான அடி அண்ணாமலையில் குடியிருந்தோம். மஞ்சள் காமாலையில் பிழைத்த என் மகனுக்குத் திருப்பதியில் முடி இறக்குவதாக வேண்டிக்கொண்டு, தலைமுடியை வளர்த்துவந்தோம். அப்போது அவன் ஐந்தாம் வகுப்பு.

ஒருநாள் மல்லாட்டைக் கொல்லையில் கடலைச் செடிகளுக்கு நடுவே களை வெட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு அஞ்சலை ஓடிவந்தாள்.

"அக்கா, ஸ்கூல்ல பசங்களுக்கு முடி வெட்டுறாங்க! புது ஹெட்மாஸ்டரு ஆளையே கூட்டியாந்துட்டாரு!"

ஆசிரமத்துக்கு வந்து செங்கம் ரோட்டில் நீள முடியோடு திரியும் வெள்ளைக்காரர்களைப் பார்த்துப் பையன்கள் கெட்டுப்போகிறார்களாம். வெளியூரிலிருந்து வந்தவருக்கு அப்படித் தோன்றியிருக்கிறது.

மண் கையோடு ஓடினேன். சாமி முடியில் கத்தரி பட்டுவிட்டால் என்ன செய்வேன்? மறுபடியும் காமாலை வந்துவிட்டால்?

பள்ளி வேப்பமரத்தடியில், கழுத்தில் துண்டோடு என் மகன் குனிந்து அழுதுகொண்டிருந்தான். கத்தரி காதருகே வந்துவிட்டது.

"வேணாங்க சார்! அது சாமிக்கு விட்ட முடி!" என்று கத்தினேன்.

ஹெட்மாஸ்டர் பதறிப்போய்க் கத்தரியைத் தடுத்தார். "ஏன்டா, வாயத் தொறந்து சொல்லக்கூடாதா?"

"பெரிய சார் எதிர்ல பேசக்கூடாதுன்னு அம்மாதான் சொல்லிச்சு."

எனக்குச் சுருக்கென்றது. ஹெட்மாஸ்டர் அவன் கழுத்துத் துண்டை அவிழ்த்தார்.

"நானும் கேக்கலம்மா," என்றார். பிறகு வரிசையில் நின்ற பையன்களை ஒவ்வொருவராக அழைத்து விசாரித்தார். இன்னும் இரண்டு தலைகளில் வேண்டுதல் முடி இருந்தது.

குனிந்திருந்த அந்தத் தலை இப்போதும் கண்ணை விட்டுப் போகவில்லை. அதற்குப் பிறகு சின்ன மகளைப் பள்ளிக்கு அனுப்பியபோது, எதிரில் பேசாதே என்று நான் சொன்னதில்லை.

"சார் கேக்கலன்னாலும் நீயே சொல்லிடு" என்றுதான் சொல்லி அனுப்பினேன்.