ஏ மைனர் சிக்ஸும் ஹமீடின் இடது கையும்

கல்முனையில் றேடியோ திருத்தும் ஹமீட், எதையும் கழற்றிப் பார்த்தால் விளங்கிவிடும் என்று ஐம்பத்தாறு வயதுவரை நம்பியிருந்தார். நாலு சுரங்கள் சேர்ந்து அந்த நம்பிக்கையைக் கெடுத்தன.

முப்பது வருசம் கல்யாண வீடுகளில் ஆர்மோனியம் வாசித்தவர். அந்தப் பெட்டியைச் சுனாமி கொண்டுபோனது. நிவாரணத்துக்கு வந்தவர்கள் அரிசி, பாய், கூடவே ஒரு ஜப்பான் கீபோர்டும் கொடுத்தார்கள். யார் கேட்டார்களோ தெரியாது. நாலரை வருசம் அது அலுமாரிக்கு மேல் கிடந்தது. யுத்தம் முடிந்து பாதை திறந்ததும் பக்கத்துப் பாண்டிருப்புப் பவிதரன் கிட்டாரோடு வந்து நின்றான். வெள்ளைக்காரர் வந்து தங்கும் அறுகம்பேயில் ஒரு விடுதிக்குச் சனிக்கிழமைகளில் வாசிக்க ஆள் வேண்டுமாம். வருகிற சனி முதலாளி கேட்டுப் பார்ப்பாராம்.

ஐந்து பாட்டு. நாலு, ஒரே பின்னேரத்தில் ஹமீடுக்குக் கைவந்தன. ஐந்தாவது பாட்டு அழுது முடிகிற இடத்தில், பவிதரன் கொண்டுவந்த தாளில் ‘ஏ மைனர் சிக்ஸ்’ என்று எழுதியிருந்தது.

மைனர் என்றால் சின்னக் காந்தாரம். அது வந்தால் ஆறாம் சுரமான தைவதமும் சின்னதாகப் பின்னால் வரும். அவர் வாசித்த சோகப் பாட்டெல்லாம் அப்படித்தான். ஏ, சி, ஈ, அதோடு எஃப் என்று நாலு கட்டையையும் சேர்த்து அழுத்தினார். இனிமையாகத்தான் இருந்தது.

“இது இல்ல நானா,” என்றான் பவிதரன்.

“அப்ப எது?”

“பேர் தெரியா. விரல் போற இடம்தான் தெரியும்.”

ஹமீடுக்குச் சுரத்தின் பெயர்கள் தெரியும், போக வேண்டிய இடம் தெரியாது. இருவரும் சேர்ந்தால் ஒரு வித்துவான் ஆகியிருக்க வேண்டும். ஆகவில்லை.

நூலகத்துப் புத்தகம் வேறு கதை சொன்னது: மைனர் கூட்டுத்தான், ஆனால் ஆறாம் சுரம் மேஜருடையது. எஃப் அல்ல, அடுத்த கறுப்புக் கட்டை, எஃப் ஷார்ப்.

“மைனர் வீட்டில மேஜருக்கு என்ன வேலை?” என்று எரிந்து விழுந்தார்.

“மையத்து எடுக்கப் போற வீட்டுல ஒரு மாமி சிரிச்சுக் கதைச்சிட்டிருப்பாவே,” என்றாள் மனைவி கமீலா. “அவவப் பாத்தாத்தான் எனக்கு அழுக வரும்.”

புதன்கிழமை கறுப்புக் கட்டையோடு வாசித்தார். பவிதரன் மறுபடியும் இல்லையென்று தலையாட்டினான். கைக்கு வசதியாக எஃப் ஷார்ப்பை மற்ற மூன்றுக்கும் கீழே வைத்திருந்தார் ஹமீட். புத்தகத்தில் மூன்று பக்கம் தள்ளி அதே நாலு கட்டை, எஃப் ஷார்ப் அடியில், வேறு பெயரில் இருந்தது.

“ஒரே ஆளுக்கு ரெண்டு பேரா? செக்பொயின்ட்ல விடுவானா?”

“கீழ நிக்கிறவன்தான் வீட்டுக்காரன் போல, நானா. இடக்கையால ஏயைப் பிடிங்க.”

பிடித்தார். இரண்டு தாளத் தட்டுக்குள் கை எழும்பிக் காற்றில் முன்னும் பின்னும் ஆடியது. மறுபடி வைத்தார், மறுபடி எழும்பியது. ஒரே மேடையில் மூன்று பாட்டுக்காரர் நின்றால்கூட இவ்வளவு சண்டை வந்திருக்காது.

கமீலா தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டுப் பார்த்தாள். “பெட்டி கடலுக்குள்ள. நீங்க இன்னும் அதுக்குக் காத்து அடிக்கிறீங்க.”

உண்மைதான். முப்பது வருசம் அந்தக் கைக்குத் துருத்தி தள்ளுவதைத் தவிர வேறு வேலை இருந்ததில்லை. வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து வந்து, இடக்கையின் சின்னி விரலை ஏயில் ஊன்றி, கை எழும்பாதபடி முழங்கையை விலாவோடு இறுக்கிக்கொண்டு வாசித்தார். சோகம் வந்தது, வந்து உட்காராமல் வாசலிலேயே நின்றது.

“ஓம், இதுதான்,” என்றான் பவிதரன். அவ்வளவுதான்.

சனிக்கிழமை விடுதியில் ஐந்து பாட்டும் பிழையில்லாமல் போயின. முதலாளிக்குச் சந்தோசம்.

“ஒவ்வொரு சனியும் வாங்க. அந்தக் கடைசிப் பாட்டை மட்டும் விடுங்க. வெள்ளைக்காரன் லீவுக்கு வந்து அழவா?”

ஒரு கிழமையாக அந்த ஏ மைனர் சிக்ஸைத் திட்டித் தீர்த்த ஹமீட், திரும்பும் வேனில் பாலமுனை வந்தும் இடக்கைச் சின்னி விரலை மடியில் ஊன்றியபடியே இருந்தார்.

“நாலு பாட்டு போதுமே நானா. வேலை கிடைச்சிட்டு.”

“அந்த நாலையும்தான் நான் முதல் நாளே வாசிச்சேனே,” என்றார் ஹமீட்.