அண்ணி துணி விரிக்காத வருஷம்

எங்கள் அண்ணி பூசணிக்காயை முகம் பார்த்துத்தான் வாங்குவார். பூசணிக்காய்க்கு ஏது முகம் என்று கேட்டு நான் ஒரு முறை நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். மண்ணில் படுத்துக் கிடந்த பக்கம் வெளுத்துப்போயிருக்குமாம். வெயில் பார்த்த பக்கம்தான் முகமாம். அந்த முகம் வாசலைப் பார்க்க வேண்டுமாம். என் அண்ணனின் முகத்தைக்கூட இவர் இவ்வளவு உற்றுப் பார்த்திருப்பாரா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

அண்ணிக்கு வீட்டுச் சாமான்கள் விற்கும் ஒரு பெரிய கடையில் வேலை. தட்டு, கோப்பை, மேசைவிரிப்பு, மெழுகுவத்தித் தாங்கி என்று மாடி மாடியாக அடுக்கி வைத்திருப்பார்கள். விற்பது அண்ணியின் பொறுப்பு இல்லை. கடைக்குள் அங்கங்கே போட்டிருக்கும் சாப்பாட்டு மேசைகளை அலங்கரிப்பதுதான் அவர் வேலை. பார்க்கிறவர்களுக்கு, 'நம் வீட்டிலும் இப்படி ஒரு மேசை இருந்தால்' என்று ஆசை வர வேண்டும். வெளியே வெயில் மண்டையைப் பிளக்கும்போதே கடைக்குள் இலையுதிர் காலம் வந்துவிடும். வியர்த்து வழிந்துகொண்டே அண்ணி காய்ந்த இலைகளையும் கோதுமைத் தாள்களையும் அடுக்கிக்கொண்டிருப்பார்.

கடைக்கு வருகிறவர்கள் சும்மா பார்த்துவிட்டுப் போகிற ஆட்களா? கோப்பையைத் தூக்குவார்கள், தட்டைத் திருப்பி விலை பார்ப்பார்கள், எடுத்ததை வேறெங்காவது வைத்துவிட்டுப் போவார்கள். அதனால் அந்த மேசைகளில் இருப்பது அத்தனையும் ஒட்டப்பட்டிருக்கும். மெழுகு மாதிரி மஞ்சளாக ஒரு பசை. பட்டாணி அளவு கிள்ளி, விரலிடுக்கில் உருட்டி, அடியில் வைத்து அழுத்தினால் போதும், தலைகீழாக நின்றாலும் பெயர்க்க முடியாது. எடுக்க வேண்டுமென்றால் வெந்நீரில் நனைத்த துணியைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு பொறுமையாக உட்கார வேண்டும். சூடு ஏற ஏற இளகும். அண்ணிக்கு இதெல்லாம் கைப்பழக்கம். டீவி பார்க்கும்போதுகூட அவருடைய கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் இல்லாத பசையை உருட்டிக்கொண்டிருக்கும்.

நாள் முழுக்கப் பூசணியோடு மல்லுக்கட்டிவிட்டு வருகிற மனுஷி வீட்டிலாவது சும்மா இருப்பார் என்றுதானே நினைப்பீர்கள்? அதுதான் கிடையாது. மரங்கள் நிறம் மாற ஆரம்பித்தால் எங்கள் வீட்டில் காலை எங்கே வைப்பதென்று தெரியாது. நான் மாடி அறையில் இருக்கிறேன். லிஃப்ட் பழுது பார்க்கிற வேலை. கல்யாணம் ஆகவில்லை, அதனால் எனக்குக் கோபம் வந்தால் அதை வாங்கிக்கொள்ளவும் ஆள் இல்லை. படிக்கட்டில் ஒவ்வொரு படிக்கும் ஒரு சுரைக்காய் உட்கார்ந்திருக்கும். நான் வேலைக்கு அவசரமாக இறங்கும்போது அவற்றுக்கெல்லாம் வழிவிட்டு இறங்க வேண்டும். கதவில் கோதுமைக் கதிர் வளையம். சன்னல் விளிம்பில் சோளக்கதிர். என் துணியைத் தேய்க்கலாம் என்று இஸ்திரிப் பெட்டியைத் தேடினால், அண்ணி காகிதத்துக்கு நடுவில் சிவப்பு இலைகளை வைத்துத் தேய்த்துக்கொண்டிருப்பார்.

"அண்ணி, எனக்கு ஒரே ஒரு சட்ட. அஞ்சு நிமிஷம்" என்பேன்.

"சட்ட நாளைக்கும் இருக்கும் தம்பி. இலை சுருண்டுக்கும்."

இவ்வளவும் அறுவடை விருந்துக்காக. எங்களுக்கு வயலும் கிடையாது, தோட்டமும் கிடையாது. விளைந்ததெல்லாம் வீடு வந்து சேர்ந்த பருவத்தில் சொந்தபந்தம் ஒரு மேசையில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்பது அண்ணியின் ஆசை. கல்யாணமாகி வந்த வருஷம் ஆரம்பித்தார், விடவே இல்லை. அண்ணனுக்குப் பல் செட் செய்கிற தொழில். ஊராரின் வாயைத் திறக்க வைக்கிறவர் வீட்டில் தன் வாயைத் திறக்க மாட்டார். சாப்பாடு நன்றாக இருந்தால் இன்னொரு தடவை தட்டை நீட்டுவார். அதுதான் அவர் பேச்சு.

இந்த விருந்தில்தான் வினை வந்தது. அண்ணியின் ஒரே மகளுக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் மிளகாய். சின்னப் பிள்ளையிலிருந்தே மூக்கு நுனியில் கோபம். அவள் கட்டிக்கொண்டவரோ பசு. குழந்தைகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுக்கிறவர். கதவளவு தோள், அதிலிருந்து தொங்கும் நீளமான கைகள். தண்ணீருக்குள் அந்தக் கைகள் அழகாக வேலை செய்யுமாம். எங்கள் வீட்டுச் சாப்பாட்டு அறையில் அவற்றுக்கு இடம் போதவில்லை. கல்யாணமான புதிதில் விருந்துக்கு வந்தவர் ரொட்டியை எடுக்கக் கை நீட்டினார். முழங்கை பட்டு, கொதிக்கக் கொதிக்க வைத்திருந்த பூசணி சூப் பாத்திரம் கவிழ்ந்தது. பாதி அவர் கையில், பாதி வெள்ளை மேசைவிரிப்பில்.

அண்ணி ஓடி வந்தார். வந்து, விரிப்பைப் பிடித்துத் தூக்கினார்.

எனக்கு அந்தக் காட்சி இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. மாப்பிள்ளை கையை உதறிக்கொண்டு நிற்கிறார். அண்ணி கறை பரவாமல் விரிப்பின் நுனியைச் சுருட்டுகிறார். கெட்ட எண்ணம் துளியும் கிடையாது. கடையில் எது கொட்டினாலும் துணியைக் காப்பாற்றிப் பழகிய கை, மூளையைக் கேட்காமல் போய்விட்டது. மிளகாய் சும்மா இருப்பாளா?

"அவர் கை வெந்து போச்சும்மா! உனக்குத் துணியா பெருசு?"

அப்படியே புருஷனை இழுத்துக்கொண்டு போனவள்தான். அடுத்த அறுவடைக்கு வரவில்லை. அதற்கடுத்த அறுவடைக்கும் வரவில்லை. தொலைபேசியில் 'சாப்டியா, தூங்கினியா' என்பதோடு பேச்சு முடிந்துவிடும். மன்னிப்பு என்ற வார்த்தை அண்ணியின் வாயில் நுழையாது. அதற்குப் பதிலாக மாப்பிள்ளைக்கு ஒரு ஸ்வெட்டர் பின்னி அனுப்பினார். அது மாப்பிள்ளையின் தலையிலேயே நுழையவில்லை என்று பிற்பாடு கேள்விப்பட்டேன். காலி நாற்காலி இரண்டையும் அண்ணி எடுத்து உள்ளே வைக்கவும் விடவில்லை, அவற்றைப் பார்த்துக்கொண்டு சாப்பிடவும் முடியவில்லை. அந்த இரண்டு வருஷமும் அவர் தட்டில் பாதிச் சாப்பாடு மிச்சமிருந்தது.

போன வருஷம் திடீரென்று மிளகாய் என்னைக் கூப்பிட்டாள். அம்மாவைக் கூப்பிடவில்லை, என்னை.

"சித்தப்பா, விருந்துக்கு வரோம்னு அம்மாகிட்ட சொல்லிடுங்க. இவர்தான் போகணும்னு ஒத்தக் கால்ல நிக்கறார். சாப்டதும் சாயங்கால பஸ்ல கிளம்பிடுவோம். இந்தத் தடவையும் ஏதாவது ஆச்சு, அப்புறம் நான் அந்த மேசைக்கு வரவே மாட்டேன்."

முன்பாதியைத்தான் அண்ணியிடம் சொன்னேன். பின்பாதியை அவரே என் முகத்தில் படித்துவிட்டார்.

விருந்தன்று காலை நான் கீழே இறங்கியபோது மேசையில் விரிப்பு இல்லை. வெறும் மரப்பலகை, நன்றாகத் துடைத்து, நடுவில் நீளமாகச் சிவப்பும் பழுப்புமாக இலைகள். அவற்றின்மேல் பேரிக்காய், மாதுளை, கை அளவு பூசணி. விரிப்பு இல்லாமல் அண்ணியின் மேசையை நான் பார்த்ததே இல்லை. எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. அண்ணி குனிந்து மெழுகுவத்தித் தாங்கியின் அடியில் பசையை உருட்டி வைத்துக்கொண்டிருந்தார்.

"என்ன அண்ணி, கடை இங்கேயே வந்துடுச்சா?"

"மெழுகுவத்தி, சூப் பாத்திரம், தண்ணி ஜாடி. இந்த மூணுதான் தம்பி. மாப்ள கை பட்டாலும் கவிழக் கூடாது."

கேட்க நியாயமாகத்தான் இருந்தது. நல்ல யோசனை என்று நானும் தலையை ஆட்டிவிட்டு நாற்காலி துடைக்கப் போனேன். அண்ணி இன்னும் தட்டுகளையும் கண்ணாடி டம்ளர்களையும் அடுக்க வேண்டியிருந்தது. வாய் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. மகளிடம் என்ன பேசுவது என்று ஒத்திகை பார்த்திருப்பார் போல. கையை யார் கவனித்தார்கள்?

வந்தார்கள். "வா" என்றார் அண்ணி. "வந்தேன்" என்றாள் மகள். மாப்பிள்ளை கதவு வளையத்தைப் பார்த்து, "அழகா இருக்கு அத்தை" என்றார். அண்ணிக்கு உச்சி குளிர்ந்திருக்க வேண்டும், ஆனால் பதற்றத்தில், "செருப்ப அங்க விடுங்க மாப்ள" என்றுதான் சொல்ல வந்தது.

உட்கார்ந்தோம். மாப்பிள்ளை இரண்டு கைகளையும் மடியில் வைத்து, பரீட்சை எழுத வந்த பையன் மாதிரி உட்கார்ந்திருந்தார். அண்ணி சூப்பை மொண்டு ஊற்றினார். மிளகு கொஞ்சம் தூக்கல். இரண்டாவது வாயிலேயே மாப்பிள்ளைக்கு விக்கல் எடுத்தது.

"தண்ணி குடிங்க மாப்ள" என்றேன்.

அண்ணி முன்பே நிரப்பி வைத்திருந்த டம்ளரைப் பிடித்தார். அது வரவில்லை. யாராவது பார்க்கிறார்களா என்று ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடி பிடித்தார். வரவில்லை. இந்த வீட்டு டம்ளரைத் தூக்க ஏதோ ஒரு முறை இருக்கிறது, தனக்குத்தான் அது பிடிபடவில்லை என்று அந்த நல்ல மனுஷர் நினைத்துவிட்டார் போல. பெரிய விக்கல் ஒன்று வந்தது. அவ்வளவு பெரிய உடம்பை மடக்கி, குனிந்து, டம்ளர் இருந்த இடத்திலேயே வாயை வைத்து உறிஞ்சினார்.

நான் என் டம்ளரைத் தூக்கிப் பார்த்தேன். ஊஹூம். தட்டைத் தள்ளிப் பார்த்தேன். மேசைதான் நகர்ந்தது.

அண்ணியின் முகம் வெளிறிப்போய்விட்டது. தன் விரல்களையே பார்த்தார். மிளகாய் ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தாள். தட்டு, டம்ளர், உப்புச் சிமிழ். ஒன்றும் அசையவில்லை.

"எல்லாத்தையும் ஒட்டிட்டியாம்மா?" குரல் ஏறியது. "வீட்டக் கடையாக்கிட்டே. எங்களையும் நாற்காலில ஒட்டி வச்சிடு, வரவங்க பாத்துட்டுப் போகட்டும்!" நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டாள். அவ்வளவுதான், இனி இவள் வர மாட்டாள் என்று நினைத்துவிட்டேன்.

"மூணுதான் ஒட்டணும்னு நெனச்சேன்" என்றார் அண்ணி. குரல் எழும்பவே இல்லை. "மிச்சம் எப்ப ஒட்டினேன்னே தெரியல. அன்னிக்கும் இப்படித்தான். என் கை துணிகிட்டப் போயிடுச்சு. மாப்ள கையத்தான் மொதல்ல புடிச்சிருக்கணும். எனக்குத் தெரியாதா? அன்னிலேர்ந்து தெரியும். மறுபடி ஏதாவது கவிழ்ந்தா இந்தக் கை எங்க போகுமோன்னு எனக்கே பயமா இருந்துச்சுடி. அதான் துணியே போடல. அதான் ஒட்டினேன்."

அண்ணி அழுது நான் பார்த்ததில்லை. அன்றும் அழவில்லை. ஆனால் அவர் உட்கார்ந்திருந்த விதத்தை என்னால் பார்க்க முடியவில்லை. கோபக்காரன் என்று பெயரெடுத்தவன், கண்ணைத் துடைக்க முடியாமல் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தேன்.

அண்ணன் குனிந்து, தன் டம்ளரில் வாயை வைத்து ஒரு மடக்குக் குடித்தார். நிமிர்ந்து மீசையைத் துடைத்துக்கொண்டார்.

"அத்தை," என்றார் மாப்பிள்ளை, விக்கலுக்கு நடுவில், "ஸ்ட்ரா இருக்குமா?"

முதலில் சிரித்தது மிளகாய்தான். சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்தாள், முடியவில்லை, மூக்கு வழியாக வந்துவிட்டது. அப்படியே உட்கார்ந்தாள். ஸ்ட்ரா இல்லை. சூப் கரண்டியால் தண்ணீரை மொண்டு மொண்டு குடித்தோம். மாப்பிள்ளை கையை மடியிலிருந்து எடுத்து மேசைமேல் தாராளமாகப் போட்டுக்கொண்டார். எதைத் தட்டினாலும் கவிழாது என்ற தைரியத்தில் ரொட்டிக்கு மேசையின் கடைசிவரை எட்டினார். அண்ணி தட்டில் இருந்ததை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார். அதை நான் கவனித்தேன், அவர் மகளும் கவனித்தாள்.

சாப்பிட்டு முடித்த பிறகு கழுவ வேண்டுமே. தட்டைக் குழாயடிக்குக் கொண்டுபோக முடியாது. ஈரத்துணியால் இருந்த இடத்திலேயே துடைத்தோம். அண்ணி வெந்நீர் வைத்தார். மகள் துணிகளை நனைத்துப் பிழிந்து கொடுத்தாள். ஆளுக்கொரு தட்டைச் சுற்றிச் சூடான துணியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தோம். கையை எடுக்க முடியாது, எழுந்து போக முடியாது, பேசாமல் வேறென்ன செய்வது? நீச்சல் குளத்தில் பயந்து அவர் கழுத்தைக் கட்டிக்கொள்ளும் பிள்ளைகளின் கதையை மாப்பிள்ளை சொன்னார். ஸ்வெட்டர் கதையும் வெளியே வந்தது. "அளவு கேட்டிருக்கலாம்ல?" என்றாள் மகள். "யார்கிட்டக் கேக்கறது? நீதான் பேசவே இல்லையே" என்றார் அண்ணி. துணி ஆற ஆற மறுபடி நனைத்தோம். சன்னல் வெளிச்சம் மஞ்சளாகி, இலைகளின் நிறமும் மேசையின் நிறமும் ஒன்றாகிவிட்டன.

முதலில் இளகியது மாப்பிள்ளையின் தட்டுத்தான். அண்ணி அதை இரண்டு கைகளாலும் தூக்கி, அடியில் இருந்த பசையைப் பார்த்தார். யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் பேசினார்.

"உங்களுது வந்துடுச்சு மாப்ள. பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னா நீங்க ரெண்டு பேரும் கிளம்புங்க. மிச்சத்த நாங்க பாத்துக்கறோம்."

மிளகாய் எழுந்து வந்தாள். அம்மாவின் கையிலிருந்து தட்டை வாங்கினாள். அது இருந்த இடத்திலேயே திரும்ப வைத்து, உள்ளங்கை இரண்டையும் ஊன்றி, உடம்பு பாரத்தையெல்லாம் போட்டு அழுத்தினாள்.

"எங்க வந்துச்சு? நல்லா ஒட்டிட்டிருக்கு பாரு. இன்னிக்கு வராதும்மா" என்றாள்.