ஒரு மெஷினுக்கு மட்டும் பூ இல்லை

எங்கள் கிறிஸ்தவ சபையில் பெண்கள் பூ வைக்கக் கூடாது, கம்மல் போடக் கூடாது. அந்தக் கட்டுப்பாட்டின் மேல் எனக்கு அப்படியொரு கோபம். இத்தனைக்கும் எங்கள் அம்மா மாதம் ஒரு முறையாவது பை நிறைய மல்லிகை வாங்குவாள். வீட்டுக்கு இல்லை, கம்பெனிக்கு!

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஓர் எக்ஸ்போர்ட் கம்பெனியில் அம்மா சூப்பர்வைசர். அவளுக்குக் கீழே இருபத்தெட்டுப் பெண்கள் சட்டை தைத்தார்கள். மெதுவாகப் பேசி அங்கே வேலை வாங்க முடியாது. அம்மாவும் நன்றாகவே கத்துவாள். ஆனால் லோடு கிளம்பிப் போன மறுநாள், மணி அடிப்பதற்கு முன்பே போய், ஒவ்வொரு மெஷினின் நூல் கம்பியிலும் ஒரு துண்டுப் பூவைச் செருகிவிடுவாள். முதலாளி சொல்லிச் செய்ததில்லை. தான்தான் வைத்தேன் என்று அவளும் சொன்னதில்லை. எல்லோருக்கும் தெரியும்.

நான் ஐந்தாவது படித்தபோது, ஒரு சனிக்கிழமை என்னைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் கூடவே அழைத்துப் போனாள். திருமுல்லைவாயில் ஸ்டேஷன் வாசலில் எண்ணி இருபத்தெட்டுத் துண்டு பூ வாங்கி, ரயிலில் பையை என் மடியில் வைத்தாள். அந்த வாசனை என்னைப் படுத்திய பாடு! ஒரே ஒரு துண்டுக்கெல்லாம் கர்த்தர் கோபித்துக்கொள்ள மாட்டார் என்று நானே முடிவு செய்து, ஒன்றை எடுத்து கவுன் பைக்குள் அமுக்கிக்கொண்டேன்.

கம்பெனியில் கடைசி வரிசையை என்னிடம் விட்டுவிட்டு, கட்டிங் மாஸ்டர் கூப்பிட்டார் என்று அம்மா போய்விட்டாள். கடைசி மெஷினுக்குப் பூ இல்லை. அது பாடி ஏரியாவிலிருந்து வரும் ஓர் அக்காவின் மெஷின். முந்தின நாள்தான் காலரை மாற்றித் தைத்து, எல்லோர் முன்னாலும் அம்மாவிடம் திட்டு வாங்கியிருந்தாள். வந்தவள் இரண்டு பக்கமும் பார்த்தாள். உட்காரவில்லை. தன் கத்தரியையும் டிபன் டப்பாவையும் எடுத்துப் பைக்குள் போட்டாள்.

“இன்னாக்கா, என்னை நிறுத்திட்டீங்களா?” என்றாள், அம்மா வந்ததும். “தப்பாத் தச்சது நான்தான். அதுக்குன்னு வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? ரெண்டு புள்ளைங்கள வச்சுகினு நான் எங்கக்கா போவேன்?”

“அடிப்பாவி, யாருடி உன்னை நிறுத்தினது?” என்ற அம்மா, வெறும் கம்பியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

கவுன் பைக்குள்ளிருந்து பூவை எடுத்து நீட்டினேன். கசங்கி, பாதி உதிர்ந்திருந்தது. அம்மா அதைக் கம்பியில் வைக்கவில்லை. அந்த அக்காவைத் திருப்பி நிறுத்தி, தலையில் தானே வைத்துவிட்டாள். வைத்துப் பழக்கமில்லாத கை; பூ கோணலாகத் தொங்கியது. அக்கா அழுதுகொண்டே சிரித்தாள்.

சாயங்காலம் ரயிலில், முதுகில் நாலு விழும் என்று காத்திருந்தேன். அம்மா ஜன்னலைப் பார்த்தபடி கேட்டாள்: “பூன்னா அவ்ளோ ஆசையாடி?”

“இல்லம்மா” என்றேன் பயத்தில்.

“எனக்கு இருந்துச்சு, உன் வயசுல.”

அதற்கு நான் என்ன சொன்னேன் தெரியுமா? “பசிக்குதும்மா.”

அம்மா போய் ஆறு வருடம் ஆகிறது. இன்று எனக்குக் கீழேயும் ஒன்பது பேர் இருக்கிறார்கள், ‘தேங்க்யூ மேடம்’ என்று எனக்கு மெயில் வருகிறது. அம்மாவின் மேஜையில் யாரும் எதையும் வைத்ததில்லை. அன்று அவள் கையைப் பிடித்து, “நீ நல்லா பூ வச்சுவுட்டம்மா” என்றாவது சொல்லியிருக்கலாம். அவளுக்கும் யாராவது சொல்ல வேண்டும் என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை. பசிக்கிறது என்றதும் அவள் டிபன் பையைத் துழாவி ஒரு பிஸ்கட்டை எடுத்துக் கொடுத்தாள். அதையும் வாங்கித் தின்றேன்.